பட்டிகையில் ஏறிய டேலியா

மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரும்புப் படி ஏறிப் போகிற ஒரு சின்ன மாடியறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் குடியிருக்கப்போகும் வீடுகளை நான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். வாடகைச்சீட்டுதான் என் பிழைப்பு. சம்பள சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு மனு என்று வேறு எது வந்தாலும் அடிப்பேன். ஆனால் நாள் தவறாமல் வருவது வாடகைச்சீட்டு. பதினொரு மாதம். பன்னிரண்டு என்று போட்டால் பதிவு செய்ய வேண்டும், செலவு, அலைச்சல். அதனால் இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிற யாருக்கும் வருடம் முழுமையாவதில்லை.

நானும் என் மனைவியும் அப்படிப் பதினொன்று பதினொன்றாக ஏழு சீட்டு வாழ்ந்தோம், ஒரே வீட்டில். எட்டாவது சீட்டு எங்களுக்கு இல்லை. அந்தக் கதையை எழுதிவிட வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் தோன்றுகிறது. எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே பஸ் சீட்டில் ஒட்டி உட்கார்ந்து வருகின்றன.

நான் லயத்தில் பிறந்தவன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் வெந்நீர் வைப்பார்கள். அம்மா கொழுந்து கிள்ளுகிற வரைக்கும் அந்த வீடு எங்களுக்கு. ரிட்டயரானால் ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதுதான் சட்டம், எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் லயத்துச் சனம் ஒரு காரியம் செய்யும். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிற வீட்டை இன்றைக்கு அழகாக்கும். தீபாவளிக்கு உள்சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. வாசலில் ஆற்றுக்கல் பதித்த நடை. டப்பாவிலும் ஓட்டை வாளியிலும் ரோஜா, டேலியா. வீடு கம்பெனியுடையது, வாசல் நம்முடையது என்று எந்தக் காகிதத்திலும் எழுதாத ஓர் ஏற்பாடு. லயத்தில் அது செல்லும். எந்த மேனேஜரும் டேலியா பூத்திருக்கிறது என்பதற்காக எவரையும் வெளியே போகச் சொன்னதில்லை.

அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் காலனிக்கும் தூக்கிக்கொண்டு வந்தோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

காலனி வீடு சித்தியுடையது. ரத்த உறவில்லை, அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவள், சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் இருந்த காலத்தில் மேட்டில் ஒரு துண்டு இடம் வாங்கி, முன்னால் இரண்டு அறையும் பின்னால் ஓர் அறையுமாகக் கட்டியிருந்தார். அவர் போன பிறகு சித்தி பின்னறையில் முடங்கிக்கொண்டு முன்பக்கத்தை எங்களுக்கு விட்டாள். எங்கள் வாடகையில்தான் அவள் மாத்திரை வாங்கினாள்.

நாங்கள் குடிவந்த ஆடியில் சுவரெல்லாம் பச்சையாகப் பூஞ்சை. மழைத்தண்ணீர் அடுப்படிக்குள் வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போகும். தரகர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சீ, இதுல ஆடு கட்டுனா ஆடு கேஸ் குடுக்கும்" என்றார். என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகினாள். அவள் பக்கத்து ஊர் லயத்தில் வளர்ந்தவள்.

ஏழு சீட்டுக் காலம். நான் ஞாயிறுதோறும் ஆற்றிலிருந்து கல் சுமந்து நடைபாதை போட்டேன். அவள் சுவரைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கினாள். ஜன்னல் சட்டத்துக்கு மஞ்சள் பெயின்ட், அவள் வேலை பார்த்த லாட்ஜில் மிச்சமானது. வாசலில் டேலியா, கருஞ்சிவப்பில் ஒன்று, பன்னீர் ரோஜா நிறத்தில் ஒன்று, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றாக வேலி முழுக்க. அந்த வாசலில் நின்றால் கீழே தேயிலைச் சரிவு முழுவதும் தெரியும். மேகம் மேலேறி வந்து பூவை முகர்ந்துவிட்டுப் போவதுபோல இருக்கும். அழகு ஒரு செலவு என்று அப்போது எனக்குத் தெரியாது.

கீழே இருந்த அந்த லாட்ஜில் அவள் அறை துடைக்கிற வேலை பார்த்தாள். காலை ஆறரைக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிட இறக்கம். இந்தப் பத்து நிமிடத்தைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் குடும்பமே அதில்தான் நின்றது. இரண்டு பேர் வருமானமும் சேர்ந்தால் வாடகை போக அரிசி, கேஸ், அவளுடைய முட்டிவலித் தைலம். ஒருவர் வருமானம் என்றால் வாடகைதான்; அப்புறம் வாடகை கட்டிய வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கலாம். டவுனைவிட்டுத் தள்ளிப் போனால் ஆறரைக்கு அவளால் வர முடியாது. வீடு போனால் வேலை போகும்.

ஒரு மத்தியானம் வழி தவறின ஒரு ஜோடி எங்கள் வாசலில் வந்து நின்றது. தண்ணீர் கேட்டார்கள். இவள் டீயே போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் டேலியாவுக்குப் பக்கத்தில் நின்று, உட்கார்ந்து, சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். போகும்போது அவன், ஒரு நாளைக்கு அறை என்ன விலை என்று கேட்டான். இது குடியிருக்கிற வீடு என்றதும் வருத்தப்பட்டு, ஒரு தொகை சொன்னான். அவ்வளவு வரைக்கும் தருவோமே என்றான்.

அவர்கள் போனதும் இவள் பின்னறைக்கு ஓடினாள். லயத்துப் பெண்; சிரிப்பு வந்தால் சுவரைத் தட்டிச் சொல்லாமல் இருக்க முடியாது.

"அத்தே, இந்தக் கூத்தக் கேட்டியளா? நம்ம வீட்டுல ஒரு ராத்திரி படுக்க, நாங்க பத்து நாளைக்குக் குடுக்குறதத் தாரேன்கான்!"

"யாருட்டி அந்தக் கிறுக்கன்?"

"போட்டோ புடிக்கிற கிறுக்கன். டீ நல்லாருக்காம், மேகம் நல்லாருக்காம்."

"மேகத்துக்குமா காசு குடுக்கான்? அப்ப எம் புருசன் மேகத்தையில்லா வாங்கிப் போட்டிருக்காரு!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்ததாகச் சாயங்காலம் சொன்னாள். நானும் சிரித்தேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எத்தனை குடும்பத்துக்கு நான் காலி செய்கிற காகிதம் அடித்திருப்பேன்.

சித்தி அந்தச் சிரிப்பை எர்ணாகுளத்தில் இருக்கிற மகனுக்குப் போனில் சொன்னாள். மகன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சிநேகிதனோடு வந்தான். சிநேகிதன் ஹோம்ஸ்டே நடத்துகிறவன், டூரிஸ்டுகளுக்கு வீட்டை நாள்வாடகைக்கு விடுகிறவன். ஆற்றுக்கல் நடையில் நடந்து பார்த்தான். மஞ்சள் ஜன்னலைத் தொட்டான். "இத யாரு பண்ணினது, நல்ல டேஸ்ட்" என்றான். என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு "நாங்கதான்" என்றாள்.

இரண்டு நாள் கழித்துச் சித்தி படியில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் டேலியாவைப் பார்த்துப் பேசினாள்.

"ஏலே, எனக்கு முழங்கால் ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருசமாச்சு. ஒனக்குத் தெரியும்லா."

"தெரியும் சித்தி."

"நீ குடுக்குறத வச்சு மாத்திரதான் வாங்க முடியுது."

"தெரியும்."

"தெரியும் தெரியும்னு சொல்லாதலே. ஒரு வார்த்த வஞ்சிருலே. எனக்கு லேசா இருக்கும்."

எப்படித் திட்டுவது? அவளுடைய முழங்காலும் என் மனைவியின் முழங்காலும் ஒரே சரிவில் தேய்ந்தவை. இரண்டில் ஒன்றுக்குத்தான் அந்த வீடு போதும். கொடுமைக்காரன் ஒருவன் இருந்திருந்தால் அவனைப் பற்றி எழுதியிருப்பேன்; எழுத எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் வீடு தேடினோம். டவுனுக்குள் காலி வீடு இல்லாமல் இல்லை. எல்லாமே நாள்வாடகைக்குப் போய்விட்டன. "குடும்பத்துக்கு விடுறதில்ல" என்றார்கள், குடும்பம் என்றால் ஏதோ தொற்றுநோய்போல. ஒரு தகர ஷெட் காட்டினார்கள். கக்கூஸ் நாலு குடும்பத்துக்குப் பொது. வாடகை நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததற்கு மேல். அதற்கும் சம்பள சர்ட்டிபிகேட் கேட்டார்கள். ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறவன்தானே, என் மனைவிக்கும் ஒன்று அடித்து, தொகையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, லாட்ஜ் மேனேஜரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இவ்வளவு சம்பளமா? எந்த லாட்ஜுல? சொல்லுங்க, நானும் போய்ச் சேர்றேன்."

கையெழுத்துப் போடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் மறையூரில்தான் எங்கள் கைக்கு எட்டுகிற வீடு கிடைத்தது. மழை எட்டாத பள்ளத்தாக்கு. வெல்லம் காய்ச்சுகிற ஊர். மலை இறங்கிப் போக வேண்டும். அங்கிருந்து எந்தப் பஸ் பிடித்தாலும் ஆறரைக்கு மூணாறில் இருக்க முடியாது. என் மனைவி மேனேஜரிடம் எட்டரைக்கு வரட்டுமா என்று கேட்டாள். எட்டரைக்கு வர்ற ஆள் நிறைய இருக்காங்கம்மா என்றார்.

காலி செய்வதற்கு முந்தின வாரம் சித்தி இரும்புப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து என் கடைக்கு ஏறி வந்தாள். கூடவே மகனின் சிநேகிதன். அவனுக்கும் சித்திக்குமான ஒப்பந்தம் அடிக்க வேண்டும்.

"வேற கடைக்குப் போயிருக்கலாம்ல சித்தி" என்றேன்.

"அங்க மலையாளத்துல அடிச்சு நீட்டிருவான். எனக்கு வாசிச்சுச் சொல்றவன் நீதானலே."

அடித்தேன். பெயர், வயது, விலாசம், நிபந்தனைகள். கடைசியில் பட்டிகை என்று ஒரு பகுதி வரும். கைமாறுகிற சொத்து எது, அதோடு என்னென்ன சேர்ந்தது என்ற விவரம். இரண்டு அறை, அடுக்களை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி. நிறுத்தினேன்.

அவன் திரையை எட்டிப் பார்த்தான். "முன்னால இருக்கிற கல் பாதையும் பூந்தோட்டமும் போடுங்க. அதுக்குத்தான் ஆளு வருது."

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போட்டுரு" என்றாள், மெதுவாக.

போட்டேன். ஏழு சீட்டின் ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே வரியில் முடிந்துவிட்டன. சித்திக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டாள். வழக்கமான கூலியை அவன் நீட்டினான். வாங்கிக்கொண்டேன், லாரி வாடகைக்கு வேண்டியிருந்தது.

சாமான் ஏற்றுகிற அன்று காலை, கட்டிலும் பீரோவும் ஏறின பிறகு, என் மனைவி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டேலியாவுக்குக் கிழங்கு உண்டு. கிழங்கைத் தோண்டிச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனால் எந்த ஊரிலும் நடலாம். லயத்தை ஒழித்து வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கொண்டுவருவார்கள். அவள் முதல் செடியின் அடியில் மண்வெட்டியைப் பதித்தாள்.

"அது வேண்டாம்" என்றேன்.

"ஏங்க?"

"பட்டிகையில இருக்கு."

அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். வீட்டோடு சேர்ந்தது என்று எழுதியாகிவிட்டது. நான்தான் அடித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் தெரியாத ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒதுங்கிப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியைப் பிடுங்கி, வெட்டின இடத்தைக் காலால் மூடி மிதித்தாள். செடிக்கு வலித்துவிடக் கூடாது என்பதுபோல மெல்ல. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சித்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சுவர் மெல்லிசு.

மறையூர் வீட்டுக்கு முன்னால் நல்ல மண் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் வருகிறது. எது வைத்தாலும் வரும் என்கிறார்கள். நான் காலையில் மூணாறு பஸ் ஏறி, மற்றவர்களின் பதினொரு மாதங்களை அடித்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறேன். அவளுக்கு இன்னும் வேலை அமையவில்லை. என் வருமானத்தில் வாடகை போய்விடுகிறது; மிச்சம் பஸ்ஸுக்கு. அடுத்த சீட்டு வரை தாங்குமா என்று அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

போன மாதம் வீட்டுக்கார அம்மா வந்தார். நல்ல மாதிரி. வெறும் வாசலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பூச்செடி வெச்சா வீடு எவ்வளவு லட்சணமா இருக்கும்" என்றார்.

என் மனைவி அரிசி களைந்த தண்ணீரை அந்த மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா" என்றாள். "இப்படியே கெடக்கட்டும்."

சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் குழைத்துப் பூசப் போனேன். அவள் சட்டியை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து வைத்துவிட்டாள்.