பின்னாலிருந்து மூணடி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாடக்கண்ணுவுக்கு நாற்பத்தொரு வயதில் அலைச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. தாமிரபரணிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். கடலை வேடிக்கை பார்த்ததோடு சரி. அந்த வம்சத்தில் ஒருத்தன் ஞாயிறானால் முத்தையாபுரத்திலிருந்து பைக்கில் பலகையைக் கட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குப் பறந்தால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? கிறுக்கன் என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

மனைவி ஜெயபிரியா மட்டும் ஒரு நிபந்தனையோடு விட்டாள். "மூணடிக்கு மேல அலை வந்தா ஏறக் கூடாது. ஏறுனது தெரிஞ்சுது, பலகையை ரெண்டா அறுத்துருவேன்." செய்வாள். அவள் தாலுகா சர்வேயர். வரப்பை அரையங்குலம் தள்ளப் பார்த்தவனையெல்லாம் அழ வைத்தவள்.

மாடக்கண்ணு பொய் சொல்லவில்லை, பாவம். அலையில் ஏறுகிறவர்கள் முழங்காலளவு, இடுப்பளவு, தலைக்கு மேல் என்று உடம்பை வைத்துத்தான் பேசுவார்கள். அடிக்கணக்கு கேட்டால் குறைத்துச் சொல்வதே கௌரவம். கூட்டிச் சொன்னால் ஒரு பயலும் மதிக்க மாட்டான். ஹவாய்த் தீவில் அலையை முதுகுப் பக்கமிருந்து அளப்பார்களாம். முன்னால் ஆறடி என்றால் பின்னால் மூணடிதான். இதைக் கேட்ட அன்றே மாடக்கண்ணு ஹவாய்க்காரன் ஆகிவிட்டான்.

"இன்னைக்கு எத்தன அடிங்க?"

"மூணுதாம்ளா."

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. ஆடி மாதம் ஒரு ஞாயிறு, "நானும் வாரேன், பாக்கணும்" என்று அவளும் வண்டியில் ஏறிவிட்டாள். மாடக்கண்ணு அவசரமாகக் கணக்குப் போட்டான். கரையில் நின்றால் அலையின் முகம் தெரிந்துவிடுமே! மீன்பிடிக்கிற நண்பன் இனிகோவைப் பிடித்து, அவளைப் படகில் ஏற்றி, அலை உடையும் இடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னான்.

நல்ல அலை ஒன்றில் எழுந்து நின்று, கரை வரை சறுக்கி, துடுப்புப்போல் கையை வீசிப் படகுக்குத் திரும்பினான்.

"மூணடிதானளா?"

"மூணடிதான். பாத்துட்டேன்."

அப்பாடா என்றிருந்தது.

"ஆனா மூணடிக்குப் பின்னால அஞ்சே முக்கால் அடி ஆளு எப்படிங்க முழுசா மறைஞ்சிய? உச்சந்தலைகூடத் தெரியலையே."

இனிகோ சட்டென்று குனிந்து, நன்றாயிருந்த எஞ்சினைப் பழுதுபார்க்க ஆரம்பித்தான்.

"ஹவாயில என்னன்னா..."

"ஹவாய்க்காரன் பொண்டாட்டி எங்கன நின்னு பாப்பா? கரையிலதானே?"

இரண்டு வருஷத்துச் சந்தோஷம் போச்சு. மாடக்கண்ணு பலகையை அவள் பக்கம் தள்ளினான். "அறுத்துரு."

அவள் பலகையைத் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது. "நீங்க மறைஞ்சதும் எண்ண ஆரம்பிச்சேன். பதினொண்ணுலதான் தலை தெரிஞ்சுது. ரெண்டு வருசமா என்னைப் பாதிதான் பயப்பட விட்டிருக்கிய. இனி முன்னால நின்னு அளந்து சொல்லுங்க. நான் முழுசாப் பயந்துக்கிடுதேன்."

அடுத்த அலை தூரத்தில் எழுந்தது.

"இது எத்தன?"

மாடக்கண்ணு அலையைத் திரும்பிப் பார்த்தான். "முன்னால... ஏழு இருக்கும்ளா."

ஜெயபிரியா படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள்.