சாலைக் கடைத்தெருவில் ஒரு சீனத்து சுவாமி

எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது உண்மைதான். ஆனால் வலித்த முதல் நாளே அம்மா என்னைச் சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனது எனக்கே ஆச்சரியம். வலியசாலையில் எங்கள் வீட்டில் பல்வலிக்குக் கிராம்புதான் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் அழுதுகொண்டே தூங்க வேண்டியதுதான். அப்போது எனக்கு எட்டு வயது. சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்த பிறகு, அங்கே குமாஸ்தாவாக இருந்த மாமாவிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்தது. அவர் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார்.

பல் வைத்தியர் சீனர். மலையாளத்தைப் பாட்டுப்போல இழுத்துப் பேசுவார். "ஒண்ணுமில்ல மோளே" என்று அவர் இழுத்து முடிப்பதற்குள் பல் அவர் கையில் இருந்தது. வாயில் பஞ்சுடன் நான் எழுந்தேன். அம்மாவோ வாசலுக்குப் போகாமல் அவரிடம் மெல்ல ஏதோ கேட்டாள். அவர் பின்கட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு கோவில் இருந்தது. சிலைக்குச் சிவந்த முகம், மார்பு வரை தாடி, கையில் நீண்ட வாள். முன்னால் ஆரஞ்சுப் பழங்களும் ஊதுவத்திப் புகையும். தன் தாத்தா கப்பலில் கொண்டுவந்த சுவாமி என்றார் வைத்தியர்.

"இது நம்ம ஸ்வாமியாம்மா?"

"ஸ்வாமி ஸ்வாமிதான். கையைக் கூப்பு."

பல்லுக்கென்றே உள்ள சுவாமி என்று முடிவு செய்து கன்னத்தைத் தொட்டு வேண்டிக்கொண்டேன்.

வைத்தியர் அம்மாவிடம் ஒரு மூங்கில் குழாயைக் கொடுத்தார். அதில் எண் போட்ட குச்சிகள் நிறைய. அம்மா கண்ணை மூடிக் குலுக்க, ஒரு குச்சி தரையில் விழுந்தது. அதற்குரிய காகிதத்தைத் தேடி எடுத்து அவர் வெகுநேரம் படித்தார். பிறகு, "ஆள் சுகமாயிட்டு உண்டு, அம்மா" என்றார்.

"இத்தனை எழுத்துக்கும் அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவு போதும்டி" என்ற அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இங்க வந்ததை ஆத்துல யார்கிட்டயும் சொல்லப்படாது."

யுத்தம் முடிந்து மாமா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வைத்தியரின் மனைவியும் பிள்ளைகளும் அதே சிங்கப்பூரில்தான் இருந்தார்கள் என்று அதற்கும் வெகுகாலம் கழித்து அம்மா சொன்னாள். அவர்களைப் பற்றி அவருக்குக் கடைசிவரை ஒரு செய்தியும் வரவில்லையாம்.

அன்று படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். வைத்தியர் தனியாக நின்று அந்தக் குழாயைக் குலுக்கிக்கொண்டிருந்தார். குச்சி விழுந்தது. எடுத்துப் பார்த்தார், உள்ளே போட்டார், மறுபடி குலுக்கினார். மறுபடியும். பாவம், இவ்வளவு பெரியவருக்கு இந்த விளையாட்டில் ஜெயிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.