கீழ்ச் சட்டத்தில் ஒரு பொட்டு

"இந்த விபூதிப் பட்டையெல்லாம் போட்டது யாரு?" என்று விஸ்வநாதன் சார் மொட்டைமாடியில் நின்று கேட்டார். நாங்கள் பதினாறு பெண்கள் சுவரோரமாக நின்றோம்.

"நான்தான் சார்" என்றார் செல்வி டீச்சர்.

அவர் போடவில்லை. போட்டது நான். டீச்சர் அன்று காலையில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட பொய் அது ஒன்றுதான்.

அவர் முழுப்பெயர் இசக்கிச்செல்வி. சொந்த ஊர் ராயகிரி, விவசாயக் குடும்பம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படித்துவிட்டு, சுரண்டைப் பக்கம் காற்றாலைகளில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அவ்வளவு உயரக் கம்பத்தில் ஏறி இறங்கிய பெண் என்று நம்ப முடியாது, ஆள் அத்தனை ஒல்லி. குத்துக்கல்வலசையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் எங்களுக்குச் சோலார் வேலை சொல்லிக்கொடுக்க வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. எனக்கு நாற்பத்தேழு. அவரை நான் டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார்.

நான் குற்றாலத்தில் சீசனுக்குப் பழம் விற்றவள். மங்குஸ்தான், ரம்புட்டான், கொஞ்சம் பலாச்சுளை. சாரல் விழுந்தால்தான் அருவியில் தண்ணீர், தண்ணீர் வந்தால்தான் கூட்டம், கூட்டம் வந்தால்தான் என் கூடை காலியாகும். அந்த வருஷம் ஆடி பிறந்தும் பாறை காய்ந்தே கிடந்தது. குற்றாலநாதரிடம் அழுதுவிட்டுத் திரும்பும் வழியில்தான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். பெண்களுக்கு மூன்று மாதப் பயிற்சி, சாப்பாடு உண்டு. கீழே சின்ன எழுத்தில் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள். இருந்தாலும் போய்க் கேட்டேன்.

டீச்சர் என்னைப் போல ஐந்து பேரை எழுதிக்கொண்டார். பயிற்சி நடத்திய சங்கத்திடம் சண்டை போட்டுத்தான் அந்த அனுமதியை வாங்கினார் என்பது பிறகு தெரிந்தது. "எங்கம்மா பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல. ஆனா எங்க தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழத்தி மாட்டுவா" என்று அங்கே சொன்னாராம். சங்கமும் சரி என்றது, ஆனால் இந்த ஒரு வகுப்புக்கு மட்டும். சங்கத்திலிருந்து விஸ்வநாதன் சார் இரண்டுதரம் வந்து பார்ப்பார். அவர் சரியென்று எழுதினால் அடுத்த வகுப்பிலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டு. இல்லையென்றால் பழையபடி எட்டாவதுதான். முதல் நாளே டீச்சர் இதை மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. மதியம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்போம். டீச்சர் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு வாய் எடுப்பார், கேட்கவே மாட்டார். எங்களோடு சொக்கம்மாள் என்று ஒருத்தி, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவள். வாயாடி. "டீச்சர், பதினாறு வீட்டுக் குழம்பு திங்கியளே, உடம்புல எங்கன போயி ஒட்டுது?" என்பாள். "எல்லாம் பேட்டரில ஏறிருதுக்கா" என்பார் அவர்.

ஒருநாள் நான் கேட்டேன், "கரண்டுக்கும் சாரலுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"நிலக்கரியை எரிச்சுத்தானக்கா பாதிக் கரண்டு எடுக்காங்க. அந்தப் புகை உலகத்தையே கம்பளி மாதிரி மூடுது. மூடுனா சூடு வெளிய போவாதுல்லா. அதுல மழை முறை தப்புது. வந்தா ஒரேடியாக் கொட்டுது, இல்லைன்னா காயுது."

"அப்பம் இந்த வருசம் சாரல் விழாததுக்கு இதான் காரணமா?"

"ஒரு வருசத்தை வச்சு அப்படிச் சொன்னா அது பொய்யிக்கா. முப்பது வருசக் கணக்கைப் பார்த்துத்தான் சொல்லணும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இனி என் பிழையைச் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு வகுப்பு லீவு. டீச்சர் ராயகிரிக்குப் போயிருந்தார். மாடியில் இருந்த சோலார் பலகைகளைத் துடைப்பது அந்த வாரம் என் முறை, சாவி என்னிடம் இருந்தது. கீழே ஸ்பேனர், மீட்டர், ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். மாடிக்குப் போனேன். எட்டுப் பலகைகளும் சூரியபகவானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. எந்நேரமும் சாமியையே பார்த்துக்கொண்டிருப்பவை வெறும் நெற்றியோடு இருக்கலாமா? திருநீற்றைக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மூன்று பட்டை போட்டேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கும்பிட்டுவிட்டு இறங்கினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மூன்றாம் நாள் விஸ்வநாதன் சார் சொல்லாமல் வந்து நின்றார். அந்த நேரத்துக்கு ஆயிரத்து அறுநூறு வாட் காட்ட வேண்டிய இன்வெர்ட்டர் பெட்டி தொள்ளாயிரம்தான் காட்டியது. மாடிக்கு ஏறினார். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

"படிச்ச நீங்களே இப்படிச் செஞ்சா எப்படிம்மா?" என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் பையைக் கழற்றினார். "யாராவது ஒரு வாளித் தண்ணி கொண்டாங்க" என்றார். நான்தான் ஓடினேன்.

"டீச்சர், நான் போயி அவர்ட்ட உண்மையச் சொல்லிருதேன்."

"சொன்னா என்ன எழுதுவாரு தெரியுமாக்கா? படிக்காதவங்களைச் சேர்த்ததுதான் தப்புன்னு எழுதுவாரு. உங்க அஞ்சு பேரோட கதவு சாத்திரும். என்னைன்னா ஒரு திட்டோட போயிரும். பேசாம துடைங்க."

ஏழு பலகைகளைத் துடைத்தோம். எட்டாவதைத் துடைக்கவிடவில்லை. "இது இருக்கட்டும். இன்னைக்குப் பாடமே இதான்" என்றார்.

"சொக்கம்மாக்கா, காங்கிரீட் போடும்போது சட்டியை எப்படிக் கைமாத்துவீய?"

"வரிசையா நின்னு."

"நடுவுல ஒருத்தி சோர்ந்துட்டா?"

"வரிசையே சுணங்கும். மேஸ்திரி அவ பரம்பரையையே வையுவாரு."

"இந்தப் பலகைக்குள்ள இருக்க கட்டங்களும் அப்படித்தான். ஒண்ணை மறைச்சா, வரிசை மொத்தமும் சுணங்கும். மறைஞ்ச கட்டம் சூடாயி வெந்தும் போவும்."

சொக்கம்மாள் பட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வாயாடி இன்றுவரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பிறகு டீச்சர் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "சாமி கும்பிட வேண்டாம்னு சொல்லலக்கா. கண்ணாடில வேண்டாம். கீழ இருக்க அலுமினியச் சட்டத்துல வைங்க. அங்கன கட்டம் கிடையாது." எட்டுச் சட்டங்களிலும் சின்னதாகப் பொட்டு வைத்தேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அந்த மாதம் முழுக்க அதையே ஊருக்கும் பாடமாக்கினார். இரண்டு சின்னப் பலகை, இரண்டு சின்ன விசிறி. ஒரு பலகை சுத்தம், மற்றதில் பட்டை. பள்ளிக்கூடங்களுக்குப் போனோம், சந்தைக்குப் போனோம். பட்டை போட்ட பலகையின் விசிறி தள்ளாடும்போது பிள்ளைகள் கைதட்டும். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தபோது ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"திருநீறு பூசுனா கரண்டு குறையும்னு சொல்லுதியே, சாமியையே குறை சொல்லுதியா?"

"இல்ல அண்ணாச்சி. நெத்தில பூசுனா நல்லதுதான். உங்க மூக்குக் கண்ணாடில பூசிக்கிட்டு அந்தா வருத பஸ்ஸு எந்த ஊருக்குப் போவுதுன்னு வாசிங்க பாப்போம்."

பெரியவரே சிரித்துவிட்டார். கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, தன் வீட்டு மாடிக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது முறை விஸ்வநாதன் சார் பரீட்சைக்கு வந்தார். சரளமாக எழுத வராத எங்களிடம் வாயால் கேட்டார். என்னிடம், "வெயில் நல்லா இருக்கு, ஆனா கரண்டு குறையுது. முதல்ல என்ன பார்ப்பீங்க?" என்றார். கண்ணாடிமேல் நிழலோ அழுக்கோ கிடக்கிறதா என்று பார்ப்பேன் என்றேன். ஏன் என்றார். சட்டி கைமாற்றுகிற கதையைச் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டு முழுக்கக் காதுகொடுத்துக் கேட்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கதவோரம் நின்ற டீச்சர் மெல்லத் தலையசைத்து வேண்டாமென்றார். விழுங்கிவிட்டேன்.

பதினாறில் பதினாலு பேர் தேறினோம். நாங்கள் ஐந்து பேரும் அதில் உண்டு. இனி எட்டாவது கட்டாயமில்லை என்று சங்கத்திலிருந்து எழுதியே வந்துவிட்டது. அதே கடிதத்தில்தான் இன்னொன்றும் வந்தது. கவனக்குறைவு என்று டீச்சர் பேரில் எழுதி, அவரை ராமநாதபுரம் பக்கம் ஒரு மையத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டி ஏற்றிவிட நானும் சொக்கம்மாளும் போனோம். காசி விசுவநாதர் திருநீற்றைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன். நெற்றியில் இட்டுக்கொண்டு மீதியைப் பைக்குள் வைத்தார்.

"என்னாலதான டீச்சர் இப்படி ஆச்சு. வகுப்புதான் நிலைச்சிட்டுதே, இப்பவாவது சொல்லிருதேனே" என்று அழுதேன்.

வண்டி உறுமியது. ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பச் சொன்னாலும், நாளைக்கு வந்து உக்காரப் போறவங்களைத்தான் எழுப்பி விடுவாங்க. அவங்க உக்காரட்டும்க்கா. பொட்டைக் கீழ்ச் சட்டத்துலயே வைங்க. மாடில ஏறும்போது இடுப்புல கயித்தை மாட்டாம மட்டும் ஏறிராதீய."