பாதியில் எழும்பிய பாவசங்கீர்த்தனம்

நான் அக்கராயனில் வயல் செய்யும் சைவக் குடும்பத்துப் பெண். கொக்கிளாயில் கடற்தொழில் செய்யும் ஜெராட்டைக் கலியாணம் முடிக்க முன், மனம் விரும்பித்தான் கத்தோலிக்க வேதத்துக்கு வரப் படித்துக்கொண்டிருந்தேன். உயிர்ப்புப் பெருவிழாவில் ஞானஸ்நானம்.

அதற்கு முந்திய கிழமை, செய்த பாவங்களை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஜெராட்டின் ஊரே வரிசையில் நின்றது. எங்கள் சைவக் கோயிலில் வரிசையில் நின்றால் எவருக்கும் திருநீறு கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் நானும் போய் நின்றேன். முழங்காலில் நின்று, மதம் மாறவேண்டாம் என்று அம்மா அழ அழப் போனை வெட்டியதைச் சொன்னேன். ஞானஸ்நானம் இனித்தான் என்றதும் ஃபாதர், "பிள்ளை, உமக்கு இப்ப பாவமன்னிப்புத் தரேலாது," என்றார்.

மிச்சத்தைக் கேட்க நான் அங்கே இருக்கவில்லை. கடவுளே என்னை வேண்டாமென்றுவிட்டார், கலியாணமும் வேண்டாம் என்று பஸ் தரிப்பிடத்தில் அழுதுகொண்டு நின்றேன். வரிசையில் நின்ற ஜெராட் சைக்கிளில் துரத்தி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஞானஸ்நானம் எடுக்காத ஆளுக்குப் பாவசங்கீர்த்தனம் இல்லையப்பா. அண்டைக்கு ஊத்திற தண்ணியே உம்மட பாவம் முழுக்கக் கழுவிப்போடும். நாங்கள்தான் சாகுமட்டும் வரிசையில நிக்கவேணும்!"

உயிர்ப்புப் பெருவிழாவில் அந்தத் தண்ணீர் என் தலையிலும் விழுந்தது. இப்போது நானும் வரிசைக்காரிதான். ஃபாதர் கதைத்து முடிக்கும்வரை எழும்புவதில்லை. அம்மாவின் போனையும் அவா கதைத்து முடித்த பிறகுதான் வைக்கிறேன்.