முப்பதில் போன உப்பு லாரி

போன வியாழக்கிழமை திருச்செந்தூரில் ஒரு கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். பத்து மணிக்கு நான் ஆறுமுகநேரியில் ஒரு உப்பு லாரியின் பின்னால் காரை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் போகிற அந்தச் சாலையில் முன்பு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். சமீபத்தில் முப்பது என்று போர்டு வைத்துவிட்டார்கள். 'முப்பதில் போவதற்குக் கார் எதற்கு, நடந்தே போகலாமே?' என்று இதே பக்கத்தில் கிண்டல் செய்தவன் நான். வாசகர்கள் மறந்திருந்தால் சந்தோஷம்.

லாரி சரியாக முப்பதில் போனது. முந்த இடமில்லை. ஹாரன் அடித்தேன். வழி விடவில்லை. இன்னொரு முறை... நீளமாக.

லாரி சடாரென்று நின்றது. என் காரும் அதன் முதுகில் முட்டாத குறையாக நின்றது. டிரைவரை நாலு கேள்வி கேட்கலாம் என்று இறங்கி முன்னால் போனேன்.

லாரியின் முன் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சைக்கிள் விழுந்து கிடந்தது. பக்கத்தில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய், வேலை முடிந்து சந்திலிருந்து சாலைக்கு ஏறியவர்.

"யாருலே அது ஹாரன் அடிச்சது? அந்தச் சத்தத்துல பதறித்தான் விழுந்தேன்" என்றார் டிரைவரிடம்.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் அக்கா" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டு வேட்டி, சென்ட் வாசனை. "ஏன், லாரி மேல ஏறிப் போகணுமோ?" என்றார். நான் குனிந்து சைக்கிளைத் தூக்கினேன்.

அதை ஓரமாக நிறுத்தும்போது டிரைவர் பேச ஆரம்பித்தார். "இந்தப் போர்ட நானும்தான் ஏசுனேன் அண்ணாச்சி. வண்டில ஜிபிஎஸ் இருக்கு. முப்பதத் தாண்டுனா ஓனர் போன்ல கத்துதாரு. அதுக்குப் பயந்துதான் மெதுவா வாரேன். பழைய மாதிரி வந்திருந்தேன்னா..."

சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. ஓனரின் வசவுக்குப் பயந்தவர். அதனால் என்ன? உயிர் பிழைத்தவருக்குக் காரணம் எதுவாக இருந்தால் என்ன?

கல்யாணத்தை மறந்துவிட்டு, அந்த அம்மாவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சுளுக்குதான், எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீட்டில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன்.

திரும்பும்போது ஸ்பீடாமீட்டர் முள் முப்பதைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். பின்சீட்டில் அந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் வெரசாத்தான் போங்களேன். இங்கன யாரு குறுக்க வரப்போறா?"

வேகக் கட்டுப்பாடு எல்லோருக்கும் பிடிக்கும் — நாம் ரோட்டில் நிற்கும்போது மட்டும்.