புல்மேட்டில் ஓடியவர்

போர் நிறுத்தம் வந்து பாதை திறந்ததும், மட்டக்களப்பிலிருந்து பன்னிரண்டு பேர் தொண்டர்களாக மலைநாட்டுக்கு மரம் நடப் போனோம். மூன்று நாள் கூடாரத்தில்! அதுவரை நான் மலையைக் கண்டதில்லை. பஸ் வளைந்து ஏற ஏற, சின்னப் பிள்ளைபோலக் கத்திக்கொண்டே போனேன்.

எங்களில் ஒருவர் வவுணதீவில் வேளாண்மை செய்பவர். மெலிந்த உடம்பு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். முன்னால் போகிறவர் கால் எடுத்த இடத்தில்தான் அவர் கால் வைப்பார். முகாமை நடத்திய பெண் அதைக் கவனித்துவிட்டு, "எல்லாரும் இவரைப் போல நடங்க. ஒரு செடியும் மிதிபடவில்லை!" என்று பாராட்டினார். அவர் சிரித்துக்கொண்டார்.

எனக்குக் காரணம் தெரியும். எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போகிற எல்லாருமே அப்படித்தான் நடப்போம்.

"அண்ணன், இஞ்ச மிதிவெடி இல்ல" என்றேன் மெதுவாக.

"தெரியும் மனே. காலுக்குத்தான் இன்னும் தெரியல்ல."

கடைசி நாள் காலையில் கன்றுகளையெல்லாம் நட்டு முடித்தோம். எதிரே பனியில் நனைந்த வெறும் புல்மேடு.

"பிள்ள, இதில ஓடலாமா?" என்று அவர் கேட்டார்.

அந்தப் பெண் தலையாட்டியதுதான் தாமதம், செருப்பை உதறிவிட்டு, யார் காலும் படாத புல்லில் ஓடத் தொடங்கினார். "வாங்கடா மனே, வாங்க!" நாங்களும் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினோம்.

உச்சியில் நின்று மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் ஓடி வந்த ஈரப் புல்லில் ஒரேயொரு வரிசைக் காலடிதான் இருந்தது.