டிரெசர் கேட்ட பாட்டு

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு மோட்டார் கார் பேட்டரிதான் உயிர். அதைக் குளுவாங் டவுனுக்கு அனுப்பி சார்ஜ் செய்து, மாட்டுவண்டியில் கொண்டுவருவார்கள். மலாயாவில் முப்பதுகளின் கடைசி அது. என் கணவர் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணி. தோட்டத்துத் தமிழர் வீடுகளில் ரேடியோ எங்களிடம் மட்டுமே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து நேயர்கள் கேட்ட இசைத்தட்டுகளைப் போடும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் கூடம் நிறைந்துவிடும்.

பாட்டைவிட, பாட்டுக் கேட்டு எழுதியவர்களின் சங்கதிதான் எங்களுக்கு ருசி. மெர்சிங்கிலிருந்து ஒருவர், இரவல் வாங்கிய சைக்கிளை மைத்துனன் திருப்பித் தரவில்லை என்று வருந்தி ஒரு சோகப் பாட்டுக் கேட்டார். இன்னொருவர் தமக்கு மூலம் குணமானதற்கு முருகன் பாட்டுக் கேட்டார். அறிவிப்பாளர் ஒரு சொல்லையும் விடாமல், ரப்பர் விலை வாசிப்பதுபோல வாசிப்பார். இன்றைக்கு ஆளுக்கொரு தொலைபேசியில் வானொலியை அழைத்து மனத்தைக் கொட்டுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்களோ புருஷன் பெயரைக்கூட வாயால் சொல்லாதவர்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்த டிரெசர் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அதிகம் பேசாத மனிதர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஊரைவிட்டு வந்த எனக்கு அங்கே வாய்த்த ஒரே துணை அவள்தான். ஒரு மழைக்காலத்தில் அவர்களுடைய பெண் குழந்தை மலேரியாவில் போய்விட்டது. தோட்டம் முழுவதற்கும் கொயினா மாத்திரை கொடுத்தவரால் தன் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. அடக்கம் செய்த மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டார். வீட்டில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "கல்லோட எத்தன நாளைக்கும்மா நான் குடும்பம் நடத்துறது?" என்று கேட்டுவிட்டு, பொந்தியானில் மளிகைக்கடை வைத்திருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். டிரெசர் அழைத்துவரப் போகவில்லை. இனி வரமாட்டாள் என்றே தோட்டம் பேசிக்கொண்டது.

அதன்பிறகு ஞாயிறுதோறும் டிரெசர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் கதவோரம் நிற்பார். எதற்கு வருகிறார் என்று ஒரு மாலையில்தான் தெரிந்தது. அறிவிப்பாளர் அதே குரலில் வாசித்தார்: "குளுவாங் பக்கத்துத் தோட்டத்து டிரெசர் ஒருவர், பொந்தியானில் இருக்கும் தம் மனைவிக்காக ஒரு தாலாட்டுக் கேட்டிருக்கிறார். நம் மகளுக்காக நான் அழவில்லை என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தினமும் அழுகிறேன். உன் முன்னால் அழுதால் நீ உடைந்துபோவாய் என்று பயந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தட்டு மாறிப்போயிற்றோ என்னவோ, தாலாட்டுக்குப் பதிலாகப் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும் வேடிக்கைப் பாட்டு ஒன்று பாடத் தொடங்கியது. என் கணவர் பதறி எழுந்து ரேடியோவை நிறுத்தப் போனார்.

"இருக்கட்டும் கிராணியாரே, பாடி முடிக்கட்டும்," என்றார் டிரெசர். பாட்டு முடியும்வரை தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார்.

அந்த வாரமே அக்கா பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். அவள் அண்ணன் கடையிலும் ரேடியோ இருந்திருக்கிறது. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். சமாதானமாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை.

"நீங்க அழுதத ரேடியோக்காரன் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டாள்.

மருந்து வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். டிரெசர் கையிலிருந்த குப்பியை மேசைமேல் வைத்தார். அக்காவின் குரல் இறங்கிற்று.

"எந்த எடத்துல உக்காந்து அழுதீங்க? காட்டுங்க."

அவர் பின்கதவைத் திறந்து முன்னே போனார். அங்கே சுவரோரம் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார். அக்கா அதன் ஒரு பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டாள். நான் கதவைச் சாத்திவிட்டு, வரிசையில் நின்றவர்களை நாளைக்கு வரச் சொன்னேன்.